பழக்கமும் முன்னேற்றமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு ‘வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி’ என்பது. இதைப் பேச ஒரு வங்கி மேலாளரையோ கல்லூரிப் பேராசிரியரையோ அழைத்திருக்கலாம். குருமடத்தில் படித்த நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு படைவீரர் சொல்லித் தந்தது.

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த தம்பி ஒருவர் சான்றிதழ் ஒன்றில் கையொப்பம் வாங்க வந்தார். “மேலே ஏதாவது படிக்கலாமே” என்றோம். “எனக்கு வயசாயிடுச்சு சாமி, இனிமே படிப்பு ஏறாது” என்றார். அவருக்கு வயது இருபத்தாறு. அவர் போன பிறகு நம் நினைவுக்கு வந்தவர் புனித இஞ்ஞாசியார்.

1521-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்ததையும், படுக்கையில் வாசித்த நூல்களால் அவர் மனந்திரும்பியதையும் ஜூலை 31-ஆம் தேதி தோறும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் அவர் பட்ட பாட்டை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று கண்டுகொண்ட அவர், 1524-இல் பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. வாள் பிடித்துப் பழகிய கை அது. பாடத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் இறைவனைப் பற்றிய இனிய எண்ணங்கள் பொங்கி வரும். பாடம் மனத்தில் நிற்காது. செபத்தில் இருக்கும்போதுகூட இவ்வளவு தெளிவான எண்ணங்கள் வருவதில்லையே என்று யோசித்த அவர், இது சோதனைதான் என்று முடிவு கட்டினார். கடல் மாதா கோவிலுக்குத் தம் ஆசிரியரை வரச் சொல்லி, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். “உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும் மட்டும், இந்த இரண்டு ஆண்டும் உங்கள் வகுப்புக்கு வரத் தவறமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார். அத்தோடு அந்தத் தொல்லை விட்டது.

தேர்வு நடக்கும் வாரத்தில் திருவிழாத் தோரணம் கட்ட ஓடி வரும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். உங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதது நம்முடைய குற்றம்.

பிறகு அல்கலா பல்கலைக்கழகத்தில் தர்க்கம், இயற்பியல், இறையியல் மூன்றையும் ஒரே நேரத்தில் படிக்கப் பார்த்தார். ஒன்றும் ஊன்றவில்லை. 1528-இல் பாரிஸ் நகருக்குப் போனதும் அடித்தளம் போதாது என்று ஒப்புக்கொண்டு, மீண்டும் சிறுவர்களோடு இலக்கண வகுப்பில் அமர்ந்தார். விடுதி அறையில் அவருக்குப் பாடத்தில் உதவிய பேதுரு பாவர் அவரைவிட ஏறக்குறைய பதினைந்து வயது இளையவர். 1535-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே அறையில் இருந்த சவேரியார்தான் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனவர்.

இந்த இஞ்ஞாசியார் தம் தியான நூலில் ஓர் ஆன்ம சோதனை முறையை எழுதி வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் திருத்த வேண்டிய குற்றம் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும். பகல் உணவுக்குப் பின், எழுந்த நேரம் முதல் மணிவாரியாக எண்ணிப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டில் வைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில். இப்படி ஏழு நாளைக்கும் இரண்டிரண்டு கோடு. இன்றைக்கு நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். தவறிய உடனே நெஞ்சில் கை வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவிலும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம் என்கிறார்.

வேலைக்குத் தாமதமாகப் போகிறவர், ஆங்கிலம் பேசக் கூசி வாய் மூடிக்கொள்கிறவர், புத்தகத்தை விரித்து வைத்துக் கைப்பேசியை எடுக்கிறவர் எல்லாருக்கும் இது ஆகும். ஆனால் ஒரே நோட்டில் பத்துக் குற்றங்களைத் தொடங்கினால் அல்கலாவில் நடந்ததுதான் நடக்கும்.

நாமும் இதைக் குருமடத்தில் படித்தோம். தேர்வில் அழகாக எழுதிவிட்டு மறந்தோம். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு சனிக்கிழமை மாலை கிளைக் கிராமத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். “பாட்டிக்கு முடியல, சாமியை வரச் சொல்லுது” என்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் பிரசங்கமும் ஆயத்தமாகவில்லை. “காலைப் பூசை முடிந்ததும் வருகிறோம் என்று சொல்” என்று அனுப்பிவிட்டோம். காலையில் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது உபதேசியார் வந்து, பாட்டி விடியும் முன்பே போய்விட்டார் என்றார். நற்கருணை இல்லாமல், பூசுதல் இல்லாமல். அந்த வீட்டார் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் போனபோது நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள். அந்தப் பையன் மட்டும் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டோம். மேலே ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதினோம். நாம் விட வேண்டிய சொல் அதுதான். முதல் நாள் இரண்டு கோட்டிலுமாக ஒன்பது புள்ளிகள். மூன்று மாதம் குறையவே இல்லை. அதன் பிறகு மெல்லக் குறைந்தது. பின்னர் மாறிப் போன பங்குகளுக்கெல்லாம் நோட்டும் நம்மோடு வந்தது. எத்தனையாவது நோட்டு என்று இப்போது எண்ணுவதில்லை. நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டுதான் மற்றதைக் கேட்கிறோம்.

நேற்றைய பகல் கோட்டில் ஒன்றுமில்லை. இரவுக் கோட்டில் இரண்டு. ஒன்று, ஆயர் இல்லத்துக்கு எழுத வேண்டிய பதில். மற்றது, இந்த உரையின் எழுத்துப் படியை மலர்க் குழுவினர் மூன்று முறை கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது.