தேர்தல் எங்கே?



2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம் திண்டுக்கல் மாவட்டத்தின் 306 ஊராட்சிகளிலும் தலைவர் பதவி காலாவதியாகிவிட்டது. தேர்தல் எங்கே? பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடி என்கிறது அரசியலமைப்புச் சட்டம். வந்ததோ தனி அலுவலர்! தலைவரின் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர் கைக்குப் போனது. 14 ஒன்றியம், 306 ஊராட்சி. கணக்குப் போட்டால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தலையில் ஏறக்குறைய 22 ஊர். அந்த மனிதர் என்ன செய்வார்?

சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். தலைவர் இருந்தால் ராத்திரியில்கூட அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம், இப்போது யார் கதவைத் தட்டுவது என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? தேர்தல் எங்கே?

“தலைவன் எல்லாம் திருடன், அதிகாரி கையில் இருந்தால் பணம் பத்திரம்” என்கிறார்கள் சில கனவான்கள். ஐயா, இதைத் திண்டுக்கல்லிலா வந்து சொல்கிறீர்கள்? 2023 டிசம்பர் 1 மறந்துபோச்சா? ஊழல் பணத்தைத் துருவிப் பிடிக்க வேண்டிய அமலாக்கத் துறையின் அதிகாரி ஒருவரையே, இங்குள்ள அரசு மருத்துவரிடம் 20 லட்சம் லஞ்சம் வாங்கியதாக நம் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் கைது செய்தது. தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால், அதிகாரி என்றாலே புனிதர் என்ற கதையை இந்த ஊரில் அவிழ்த்துவிடாதீர்கள்! தலைவன் திருடினால் கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். தனி அலுவலரை எந்த ஓட்டால் அனுப்புவீர்கள்?

தேர்தல் நடக்காததற்குக் காரணம் வார்டு மறுவரையறையாம்! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தலை அன்றைய ஆட்சி 2019 டிசம்பர் வரை இழுத்தபோதும் சொன்ன சாக்கு இதே வார்டு வரையறைதான். அன்று மேடைக்கு மேடை தேர்தல் எங்கே என்று தொண்டை கிழியக் கேட்டவர்கள் 2021இல் கோட்டையில் உட்கார்ந்தார்கள். நாற்காலி கிடைத்ததும் தொண்டை கட்டிக்கொண்டதா?

சரிபாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டோமே, அந்தப் பெண்கள் இன்று எங்கே? காந்திகிராமம் இருக்கும் மண்ணில் கிராமத்துக்கு ஆளில்லை. வெட்கமாக இல்லையா!

அடுத்த கிராம சபைக்கு ஒரு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். தேர்தல் தேதியை உடனே அறிவி என்பதைத் தீர்மான நோட்டில் முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், ஒருவரும் கையெழுத்துப் போடாதீர்கள்!