குன்னத்து முட்டையும் விளம்பரக் காசும்



2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை' என்று பெயர் சூட்டப்பட்டு, அவற்றின் படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவின. நிலவியல் அறிஞர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியோடு தொடர்புள்ள படிவுகள் என்றார்கள். ஊரார் அதை முட்டை என்று நம்பியதிலும் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து அரியலூர் மாவட்டம் செந்துறையில் 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெய்யான டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டெடுத்திருந்தார்கள். அதே பகுதியில் உள்ள சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரம் இன்றும் கிடக்கிறது. கடல் வந்து போன பூமி அது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது காசுக் கணக்கு. விளம்பரத்தை மட்டும் நம்பி நடக்கும் இணையதளத்துக்கு, வாசகர் எத்தனை முறை பக்கத்தைத் திறந்தார் என்பதுதான் வருமானம். 'முட்டை' என்ற தலைப்புக்குப் பத்தாயிரம் பேர் வருவார்கள். 'முட்டை இல்லை' என்றால் ஆயிரம் பேர் வந்தாலே பெரிது. நிலவியல் பேராசிரியரிடம் பேசி, குன்னத்துக்குப் போய்ப் பார்த்து எழுதியவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு.

அதற்காக விளம்பரத்தையே பழிப்பது நியாயமாகாது. வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு விளம்பரம் செய்த நன்மை தெரியும். 1950-களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, விளம்பரத்தால் நடந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புதான் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. கேட்டவர்கள் அதற்காகச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. வானொலிப் பெட்டி வைத்திருக்க மட்டும் இங்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1967-இல் அகில இந்திய வானொலியின் விவித பாரதியும் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. உரிமக் கட்டணம் 1980-களில் மறைந்தது. காசில்லாத ஏழைக்கும் பாட்டும் செய்தியும் போய்ச் சேர்ந்ததில் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு.

இணையத்திலும் தொடக்கம் அப்படித்தான் ஆசை காட்டியது. 1994-இல் ஹாட்வயர்டு என்ற அமெரிக்கத் தளத்தில் ஏ.டி.&டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தபோது, பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதை அழுத்தினார்களாம். இன்று நூறு பேரில் ஒருவர் அழுத்துவதே அரிது. தளங்களுக்கு விளம்பரம் தந்து பணம் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் 2003-இல் வந்தது. தமிழ்ப் பக்கங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் தமிழில் எழுதியவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. திறந்த நேரத்தில் வாசகர்களில் பலர் யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டிருந்தார்கள்.

சரி, பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கென்று ஒரு செய்தித்தளம் நடத்தினால் கட்டுபடியாகுமா?

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். இரண்டையும் சேர்த்தால் 13 லட்சத்துக்குச் சற்று மேல். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிராமத்தவர்கள். தளத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பக்கங்கள் பார்க்கப்படுவதாகவும், ஆயிரத்துக்கு ஐம்பது ரூபாய் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய். ஒரு செய்தியாளரின் சம்பளத்துக்கும், ஜெயங்கொண்டத்துக்கும் வேப்பந்தட்டைக்கும் போய்வர வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கும் இது காணாது. பார்வைக் கணக்கில் ஓடும் விளம்பரம் பெருங்கூட்டம் உள்ள தளத்துக்கே சோறு போடும். மாநிலம் முழுக்க வாசகர் உள்ள பெரிய நாளிதழ்களின் தளங்கள் தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பெருங்கூட்டம் உள்ள இடத்திலும் நிலைமை சுகமில்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005-இல் ஏறக்குறைய 4,900 கோடி டாலர். 2020-இல் 900 கோடிக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுதான் முதல்முறையாக, வாசகர் கொடுத்த பணம் விளம்பரப் பணத்தை மிஞ்சியது.

கூகுளை விட்டுவிட்டு உள்ளூர்க் கடைகளிடம் நேரடியாக விளம்பரம் வாங்கலாமே என்று கேட்கலாம். நல்ல வழிதான். ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை, பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்லூரிகள், முகூர்த்த மாதங்களில் நகைக்கடையும் திருமண மண்டபமும். ஒரு கடைக்காரர் மாதம் ஐயாயிரம் கொடுத்தால், கூகுள் வழியாக ஒரு லட்சம் பார்வைக்கு வருவது ஒரே கையெழுத்தில் வந்துவிடும். பெரம்பலூர்க்காரருக்குத் தேவையான கடையைத்தான் அந்த விளம்பரமும் காட்டும்.

சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் நிறைய. அரசின் டான்செம் ஆலையும் பல தனியார் சிமெண்ட் ஆலைகளும் அங்கே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் லாரிகளின் வேகம், பறக்கும் புழுதி, தோண்டிய பள்ளங்கள் ஆகியவை மக்களின் அன்றாடக் கவலை. மாவட்டத்தின் பெரிய செய்தியும் சிமெண்ட்தான், விளம்பரம் தரும் வசதியுள்ள பெரிய தொழிலும் சிமெண்ட்தான். கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி எழுத வேண்டிய மே மாதத்தில்தான் கல்லூரி விளம்பரமும் வரும். யாரும் போன் போட்டு மிரட்ட வேண்டியதில்லை. எழுதுகிறவரின் கையே தானாகத் தயங்கும். வாசகருக்கு அந்தத் தயக்கம் கண்ணில் படாது, வராத செய்தியை யார் தேடப்போகிறார்கள்?

ஆகவே சந்தா இல்லாமல் இந்த வேலை நடக்காது. 2012-இல் டெல்லியில் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித்தளம், விளம்பரத்தைத் தவிர்த்து வாசகர் சந்தாவில் நடக்கிறது. குறிப்பிட்ட புலனாய்வுச் செய்திக்கென்று வாசகர்களிடம் தனியே நிதி திரட்டும் முறையும் அதில் உண்டு. டெல்லியில் முடிந்தது செந்துறையில் முடியுமா என்ற சந்தேகம் எழும். ஆண்டுக்கு 600 ரூபாய் வீதம் ஆயிரம் பேர் கட்டினால் ஆறு லட்சம். 13 லட்சம் பேரில் ஆயிரம் பேர். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர்ச் செய்திக்கு ஏங்குகிறவர்களையும் சேர்த்தால் அது எட்டாத எண்ணிக்கை இல்லை.

சந்தா வாங்குகிறோம் என்று எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடக் கூடாது. செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விலை, 2018-இல் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவைப் போன்ற அபாயத்தின் எச்சரிக்கை, கொள்ளிடத்து வெள்ளச் செய்தி எல்லாம் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கங்களை ஜவுளிக்கடை விளம்பரம் தாங்கட்டும். சந்தாப் பணம் போக வேண்டிய இடம் வேறு. அரியலூரில் கல் எடுத்து முடித்த சுரங்கங்கள் எத்தனை, விதிப்படி மூடப்பட்டவை எவை, மழைநீர் தேங்கி ஆபத்தாகக் கிடப்பவை எந்தெந்த ஊரில் என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து எழுத ஒரு செய்தியாளருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தச் சில மாதச் சம்பளத்தை முதலில் திரட்டலாம்.