கடல் தாண்டி வந்த கிதார்



2024 ஜூலையில் நம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. துறைமுக ஊர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கை இறக்கும் கையோடு பாட்டையும் இறக்கிக்கொள்ளும். லிவர்பூல் அப்படிப்பட்ட ஊர். கடலோடிகள் கொண்டுவந்த அமெரிக்க இசைத்தட்டுகள் அங்கே கைமாறின. 1957 ஜூலை 6 அன்று, ஒரு தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அதற்குப் பிறகான பீட்டில்ஸ் கதை ஊரறிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு துறைமுகம் இருக்கிறது: கொழும்பு.

அங்கே போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா இசை இருந்தது. இலங்கை வானொலியும் இருந்தது. 1952-இல் இந்திய அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். நம் மக்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனன் தமிழில் பேச, இந்தக் கரையின் வீடுகளில் காது தீட்டிக் கேட்டார்கள்.

ஆனால் அந்த நிலையத்துக்குள்ளும் கெடுபிடி உண்டு. 50-களின் தொடக்கத்தில் சிங்களப் பாடகர்களைத் தரம் பிரிக்க லக்னோவிலிருந்து இந்துஸ்தானி இசை அறிஞர் ரத்தன்ஜன்கரை வரவழைத்தார்கள். சுனில் சாந்த என்ற பெரும்பாடகர் அந்தத் தேர்வுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். இந்துஸ்தானி ராகச் சாயல் இருந்தால்தான் நல்ல சங்கீதம் என்று பலர் நம்பிய காலம் அது.

அந்தச் சூழலில்தான் 60-களின் நடுவில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ இசைக்குழு முளைத்தது. சந்திரகாந்தக் கல் என்று பொருள். அன்னஸ்லி மாலேவன பாடினார்; கிளாரன்ஸ் விஜேவர்தன மெட்டமைத்து எலெக்ட்ரிக் கிதாரை மீட்டினார். சிங்களப் பாட்டில் அந்தக் கிதாரை நிலைநிறுத்தியவர் அவர்தான். சிறிசங்கபோ கொரயா மேலாளர். வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா அவர்களின் பாட்டை ‘சாட்டர்டே ஸ்டார்’ நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்டார். 1961-இல் லிவர்பூலின் இசைத்தட்டுக் கடைக்காரர் பிரையன் எப்ஸ்டீன் பீட்டில்ஸைக் கண்டெடுத்துத் தூக்கிவிட்ட வேலையை, கொழும்பில் ஒரு மைக்கே செய்து முடித்தது. மூன்ஸ்டோன்ஸின் எழுச்சியில் பாதிப் பங்கு அந்த மைக்குக்குத்தான் சேர வேண்டும்.

அவர்களைத் தூக்கிவிட்ட பாட்டு ‘மேங்கோ களு நெந்தே’. நெந்தே என்றால் அத்தை, களு என்றால் கருப்பு. இந்தக் கிதார் குழுவின் வெற்றி காதலிக்குப் போகாமல் ஒரு கருத்த அத்தைக்குப் போயிருக்கிறது! யாழ்ப்பாணத் தமிழில் பாப் பாடிய நித்தி கனகரத்தினமும் ‘சின்ன மாமியே’ என்றுதான் கூப்பிட்டார். தீவின் இரு மொழிப் பிள்ளைகளும் உறவுமுறை தவறவில்லை.

பிறகு மூன்ஸ்டோன்ஸில் பாடகி இந்திராணி பெரேரா சேர்ந்தார். கிதார் நடுவே பெண்குரலும் ஒலித்தது. 70-களின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் பிரிந்து ‘கோல்டன் சைம்ஸ்’ தொடங்கினார். பின்னர் அன்னஸ்லியோடு மறுபடியும் கூடி, பெயருக்கு முன்னால் ஒரு ‘சூப்பர்’ சேர்த்துக்கொண்டார்.

கொழும்பின் இந்தத் துள்ளல் நம் பக்கமும் வந்தது. சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யை இளையராஜா 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். சிங்களச் சொல் கலந்த அந்தப் பாட்டுக்கு நம் கல்யாண வீடுகளில் பொருள் கேட்டவர் யாருமில்லை. எல்லோரும் ஆடினார்கள்.