பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால்

தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். நுண்கணிதத்தின் வாசற்படியாகிய 'எல்லை'யைப் பற்றி இன்று சிந்திப்போம். மலாய்ப் பாடநூல்களில் 'ஹாட்' என்று வருவது இதுவே.

உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், டி நொடிகளில் அது ஏறத்தாழ 5 டி வர்க்கம் மீட்டர் தூரம் விழும். 2 நொடியில் 20 மீட்டர். சரியாக அந்த 2-ஆவது நொடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன?

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது. ஆகவே ஒரு பின்னம் எழுதுவோம். தொகுதி, 5 டி வர்க்கம் கழித்தல் 20. பகுதி, டி கழித்தல் 2. மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவைகள் அமைந்த இத்தகைய பின்னமே விகிதமுறு சார்பு. டி-க்கு 2 என்று இட்டால் மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். சிலர் விடை பூச்சியம் என்பர். சிலர் ஒன்று என்பர். இரண்டும் தவறு. கல்லுக்கு வேகம் உண்டு; நாம்தான் இன்னும் அதைக் காணவில்லை.

2-ஐ நெருங்கிப் பார்ப்போம். டி 2.1 என்றால் விடை 20.5. 2.01 என்றால் 20.05. மறுபுறமிருந்து வந்தால், 1.9-க்கு 19.5, 1.99-க்கு 19.95. இரு புறமும் 20-ஐ நாடுகின்றன. அந்த 20-தான் எல்லை. கல்லின் வேகம் நொடிக்கு 20 மீட்டர்.

ஒவ்வொரு முறையும் இப்படிக் கணக்கிட வேண்டியதில்லை. தொகுதியைக் காரணிப்படுத்தினால் 5 பெருக்கல் டி கழித்தல் 2 பெருக்கல் டி கூட்டல் 2. பகுதியிலும் டி கழித்தல் 2 உள்ளது. இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது 5 பெருக்கல் டி கூட்டல் 2. இப்போது 2-ஐ இட்டால் 20.

பூச்சியத்தை எப்படி நீக்கலாம் என்று நீங்கள் கேட்க வேண்டும். அயர்லாந்துத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் பெர்க்லி 1734-இல் இதே கேள்வியால் கணித அறிஞர்களை மடக்கினார். வகுக்கும்போது பூச்சியமல்ல என்கிறீர்கள், பிறகு பூச்சியம் என்று தள்ளிவிடுகிறீர்கள், இது என்ன நியாயம் என்பது அவர் வாதம். பிரெஞ்சு அறிஞர் கோஷி 1821-இல் வெளியிட்ட நூலில் எல்லைக்குத் தெளிவான விளக்கம் தந்து, நுண்கணிதத்தை அதன்மேல் நிறுத்தினார். டி 2-ஐ நெருங்குகிறது; 2 ஆகிவிடுவதில்லை. ஆகவே டி கழித்தல் 2 பூச்சியமன்று. நீக்கலாம். இக்காரணம் அறியாமல் நீக்குவது மனப்பாடம். அறிந்து நீக்குவதே கணிதம்.

இன்னொன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு பல்லுறுப்புக் கோவையில் 2-ஐ இட்டுப் பூச்சியம் கிடைத்தால், டி கழித்தல் 2 அதன் காரணி என்பது காரணித் தேற்றம். மேலும் கீழும் பூச்சியம் என்றால் பொதுக் காரணி நிச்சயம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். நீக்கிய பின்னும் இரண்டும் பூச்சியமானால் மீண்டும் நீக்குங்கள்.

ஆகவே முதலில் எண்ணை இட்டுப் பாருங்கள். பகுதி பூச்சியமாகாவிட்டால் கிடைத்ததே விடை. இரண்டும் பூச்சியமானால் காரணிப்படுத்துங்கள். பகுதி மட்டும் பூச்சியமானால், பின்னத்தின் அளவு கட்டுக்கடங்காமல் பெருகும். அங்கே எல்லையாக எந்த எண்ணும் இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. தொகுதி, எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 6. பகுதி, எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4. எக்ஸ் 2-ஐ நெருங்கினால் எல்லை நாலில் ஐந்து, அதாவது 5-இன் கீழ் 4, என வர வேண்டும். செய்து பாருங்கள். அதே பின்னத்தில் எக்ஸ் குறை 2-ஐ நெருங்கினால் என்ன ஆகும்? இதற்கு விடை சொல்லாமல் விடுகிறோம். பூச்சியம் எங்கே இருக்கிறது, மேலேயா, கீழேயா, இரண்டிலுமா என்று பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.