பழைய மோட்டார் சைக்கிளும் அதன் மதிப்பும்



பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று துணி போர்த்தி நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது புல்லட்டாக இருக்கும். 1955ஆம் ஆண்டில் சென்னையைச் சார்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூடி என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. ஆகவே புல்லட்டை நம் ஊர் வண்டி என்பதில் தவறில்லை. வேறு சில வீடுகளில் மைசூரில் உருவான ஜாவாவோ யெஸ்டியோ நிற்கும். இவ்வண்டிகளைத் துடைப்பதிலும் எண்ணெயிடுவதிலும் காட்டும் கருத்தை, அவற்றின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் படிப்பதில் காட்டுபவர் சிலரே. அப்பத்திரத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

மத்திய அரசாங்கத்தில் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் அலுவல். ஒரு சொல்லைக் கண்டால், அதைச் சொல்பவர் யார், அதற்குக் கட்டுப்படுபவர் யார் என்று வினவுவது அத்தொழிலால் வரும் பழக்கம். மோட்டார் பாலிசியில் அவ்வாறு வினவத் தகுந்த தொடர் ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கு அது ஈடு செய்யும். 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 150 முதல் 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள வண்டிக்கு இதன் ஆண்டு பிரீமியம், வரி நீங்கலாக, 1,366 ரூபாய். 346 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய புல்லட் இவ்வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் நம் வண்டி நொறுங்கினாலும் திருடுபோனாலும் இப்பாலிசி ஒரு காசும் தராது. அதற்குச் சொந்தச் சேதத்தையும் உட்கொண்ட முழுப் பாலிசி வேண்டும்.

முழுப் பாலிசியில் ‘ஐ.டி.வி.’ என்னும் மூன்றெழுத்தைக் காண்பீர்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பவர் அறிவிக்கும் மதிப்பு என்பது அதன் பொருள். நான் முன்னர்க் குறிப்பிட்ட தொடர் இதுவே. ஐந்து ஆண்டு வரை இம்மதிப்பைத் தேய்மான அட்டவணை வரையறுக்கிறது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கும் அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. அறிவிக்கும் உரிமை நம்முடையது. நாமோ வாய் திறவாமல், எழுத்தர் இட்ட தொகையின்கீழ் ஒப்பமிட்டுத் திரும்புகிறோம்.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். 1985ஆம் ஆண்டின் புல்லட் ஒன்று. வாங்குவோர் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் தரச் சித்தமாயிருக்கின்றனர் என்று கொள்வோம். பாலிசியில் கண்ட மதிப்போ 16,000 ரூபாய். ஒரு நாள் லாரி இடித்து, முன் ஃபோர்க்கும் பெட்ரோல் டாங்கும் சிதைகின்றன. சீர்செய்ய 12,500 ரூபாய் ஆகும். பழுதுச் செலவு அறிவித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம் என்று பாலிசி கருதும். 16,000 ரூபாயில் 75 சதவீதம் 12,000 ரூபாயே. ஆகவே, ஒரு வாரத்தில் ஓடக்கூடிய வண்டி, பத்திரத்தின் கண்ணுக்கு அழிந்த பொருளாகிவிடுகிறது. திருடுபோனாலும் அந்தப் பதினாறாயிரத்திற்கு மேல் கிடைப்பதற்கில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. வண்டியின் நாற்புறமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். உதிரிப் பாகங்கள் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். இவற்றைக் காட்டி, ஒப்புக்கொண்ட தொகையைப் பாலிசியில் எழுதுவித்த பின்னரே பணம் கட்டுங்கள். பழைய வண்டி என்று ஒரு கம்பெனி முழுப் பாலிசி தர மறுத்தால் வேறொன்றை நாடலாம். ஆயினும் பத்து ஆண்டு கடந்த வண்டியில் மாற்றும் உலோகப் பாகங்களின் விலையில் பாதியே கிடைக்கும். டயர், டியூப், பாட்டரி, ரப்பர்ப் பாகங்கள் ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் பாதிதான்.

இனி, பத்திரம் யார் பெயரில் உள்ளது என்பது. தந்தையார் காலஞ்சென்ற பின்னும் வண்டி அவர் பெயரிலேயே இருப்பது பல குடும்பங்களில் காண்பது. உரிமையாளர் இறந்தால் பாலிசி மூன்று மாதம், அல்லது அதன் தவணை முடியும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் இறப்புச் சான்றும் வாரிசுரிமைச் சான்றும் காட்டிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். துக்கத்தினூடே இது நினைவுக்கு வருவது அரிது. வீட்டில் ஒருவராவது அறிந்திருத்தல் நன்று.

பதிவுச் சான்றும் உயிரோடு இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும்; பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி திருடுபோன வழக்கில், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பதும் சட்டம். தில்லிவாழ் அன்பர்கள், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைப் பற்றி 2018ஆம் ஆண்டு முதல் நீதிமன்ற ஆணைகள் மாறி வருவதால், ஊரிலிருந்து வண்டியைத் தருவிக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது நலம்.

அவ்வாறு ரயிலில் தருவிக்கும்போதும் மதிப்பை அறிவிக்க வேண்டும். பார்சல் அலுவலகத்தில் வண்டியின் மதிப்பைச் சொல்லி, அதற்குரிய சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாவிடில், சேதத்திற்கு ரயில்வேயின் பொறுப்பு எடையைக் கொண்டு கணக்கிட்ட வரம்புக்குள் நின்றுவிடும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் என் செய்வது? இயந்திரக் கோளாறும் மின்சாரக் கோளாறும் வழக்கமான பாலிசியில் சேரா. விபத்துக்குப்பின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லவும் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய் வரையே அதில் இடமுண்டு. ஆகவே ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’ எனப்படும் வழியுதவியைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பெறுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என் வண்டியின் வயதுக்கு இது செல்லுமா? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக எடுத்துச் செல்வீர்கள்? ஆண்டில் எத்தனை முறை? நான் வாழும் மாநிலத்திலும் மலைப்பாதையிலும் உதவி வருமா? வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் ஏற்பாடாக இருக்கட்டும்.

வயதைக் காட்டி மறுத்துவிட்டால், உள்ளூர்ச் சரக்கு வண்டிக்காரர் ஒருவர், பழைய வண்டி அறிந்த மெக்கானிக் ஒருவர், இவ்விருவரின் தொலைபேசி எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிளும் ஸ்பார்க் பிளக்கும் உடன் இருக்கட்டும்.

கம்பெனியோடு பிணக்கு நேர்ந்தால் முதலில் அவர்களுக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், வந்த விடை திருப்தி தாராவிடினும், இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் செல்லலாம். அதற்குக் கட்டணமில்லை. பாலிசி சென்னையில் எடுத்ததாயினும், நீங்கள் வசிக்கும் இடத்திற்குரிய ஓம்புட்ஸ்மனிடமே முறையிட முடியும். தொலைவில் வாழும் நமக்கு இது பெரும் வசதி.

பழைய வண்டிக்குச் சந்தையில் நிலையான விலை இல்லை. சட்டத்திலும் அட்டவணை இல்லை. அதன் மதிப்பை அறிந்தவர் அதைப் பேணுபவரே. அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னதைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கையில் அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்.