டிராக்டருக்கு முன் டீலரைப் பாருங்கள்

பழைய மினி டிராக்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை எச்.பி. என்பதைத்தான். ஆனால் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது எஞ்சினின் முழுத் திறன் அல்ல, பின்பக்க பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் திறன்தான். அது எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் அதை அளந்து அறிக்கை தருகிறது. டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். தென்னை, வாழை வரிசைக்குள் நுழையுமா என்று வண்டியின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்தாலும், வண்டியைவிட டீலரே முக்கியம் என்பேன். தூரத்து ஊரில் விலை சில ஆயிரம் குறைகிறதே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் விலை ஒருமுறை கொடுப்பது. பில்டரும் கிளட்ச் பிளேட்டும் ஆயில் சீலும் வண்டி ஓடும் காலமெல்லாம் தேவைப்படுபவை. மழை பெய்து உழவுக்கேற்ற ஈரம் நிற்பது சில நாள்தான். அந்த நாளில் ஒரு சீல் கிடைக்காமல் வண்டி நின்றால், மிச்சம் பிடித்த பணம் வாடகை உழவுக்கே போய்விடும். ஆகவே ஷோரூமோடு திரும்பாமல் பின்னால் இருக்கும் பட்டறைக்கும் போங்கள். அலமாரியில் உதிரிபாகம் இருக்கிறதா, மெக்கானிக் வயலுக்கே வருவாரா என்று விசாரியுங்கள். பழைய வண்டிக்கு நல்ல விலை தருகிறோம் என்றால், புதிய வண்டியின் விலையைத் தனியாக எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.