கப்பலின் அடிநீரில் வந்த சிப்பி

கடலில்லாத காஞ்சிபுரத்திற்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். பாலாற்று அணைக்கட்டில் பிரியும் நீர் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்புகிறது. மிகுந்தது கொசஸ்தலையாற்றில் சேர்ந்து எண்ணூரில் கடலோடு கலக்கிறது. ஆகவே எண்ணூர்க் கழிமுகம் நமக்கு உறவு முறைதான்.

அக்கழிமுகத்தில் அண்மை ஆண்டுகளில் ஒரு சிறு சிப்பி குடியேறிப் பெருகிவிட்டது. மீனவர்கள் அதனைக் 'காக்கா ஆழி' என்கின்றனர். வெப்பமண்டல அமெரிக்கக் கரைகளே அதன் தாயகம். அத்துணைத் தொலைவை அது எங்ஙனம் கடந்தது?

சரக்கில்லாத கப்பல் நிலைகொள்ளாது ஆடும். முற்காலத்தில் அடியில் கல்லையும் மணலையும் இட்டனர். பின்னர் இரும்புக் கப்பல்கள் வந்ததும் கடல்நீரையே தொட்டிகளில் ஏற்றத் தலைப்பட்டனர். இதுவே 'பாலஸ்ட்' நீர். சரக்கேற்றும் துறைமுகத்தை அடைந்ததும் அது வெளியே கொட்டப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகாத சிப்பிக் குஞ்சுகளும் உடன் இறங்குகின்றன. காக்கா ஆழியும் இவ்வழியே வந்திருக்கக்கூடும் என்பது அறிஞர் கருத்து.

பட்டு நூலை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இச்சிப்பியும் புரத நூல் விடுகிறது. அந்நூலால் தரையையும் தன் இனத்தையும் பற்றி, சேற்றோடு பின்னி, ஆற்றடியில் விரிப்பாகப் படர்கிறது. அதன் கீழ் மஞ்சள் மட்டி மடிகிறது. இறால் சேற்றில் புதைய இயலாது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் எளிய மக்களின் கூடை வெறுமையாகிறது. பட்டுப்புழுவும் சீனத்திலிருந்து வந்ததுதானே எனலாம். உண்மை, ஆனால் மனிதன் இலையிட்டு ஊட்டாவிடில் அது வாழாது. காக்கா ஆழிக்கு அத்தகைய தயவு வேண்டியதில்லை.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004-இல் வகுத்த உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. முதற்கண், கரைக்கு 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நீரை மாற்றவேண்டும் என்றது. ஆழ்கடல் உயிர் கழிமுகத்தில் பிழைப்பது அரிது அல்லவா? அடுத்த விதி இன்னும் கடுமையானது: வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரானும் அதற்கு மேலும் பருமனுள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாகவே இருக்கலாம். அதற்காக வடிகட்டியும், புறஊதாக் கதிரும், குளோரினும் கப்பலுக்குள் ஏறின. இவ்வுடன்படிக்கையில் சேர்வதற்கு நம் மத்திய அமைச்சரவை 2015-இல் இசைவளித்தது. எண்ணூர் நிலையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2024-இல் விசாரித்தது.

விதியெல்லாம் இனி வரப்போகும் கப்பலுக்கே. ஏற்கெனவே படர்ந்துவிட்டதை வாரியெடுக்கத்தான் வேண்டும். வாரும்போது அடியிலிருக்கும் மட்டியும் சேர்ந்தே வந்துவிடுகிறது.